முதுகில் ஒரு தட்டு

போன வெள்ளிக்கிழமை உங்கள் கபடிப் பயிற்சியைப் பார்த்தேன். விசில் அடித்ததும், காலைப் பிடித்துக் கிடப்பவன் முதுகில் பக்கத்தில் நிற்பவன் பட்டென்று ஒரு தட்டு தட்டுகிறான். எல்லோரும் தவறாமல் செய்கிறீர்கள். புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பியிடம், "ஏம்ப்பா தட்டுறீங்க?" என்று கேட்டேன். "தெரியலண்ணே. நம்ம டீம் பழக்கம். வந்த அன்னைக்கே தட்டச் சொன்னாங்க" என்றான்.

தெரியாமல் செய்தாலும் நல்லதுதான். தெரிந்து செய்தால் மறக்க மாட்டீர்கள்.

பாஸ்போர்ட்டில் எக்ஸிட் அடித்தாகிவிட்டது. இந்த மாதம் ஒரேயடியாக ஊருக்குப் போகிறேன். போவதற்குள் டீம் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். ஏழாவது வரைதான் படித்தேன். சாகுல் பாய் கடையில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் அவன் திருத்துவான்.

ஆட்டம் எப்படி ஆடுவது என்று எழுதப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். முதுகில் தட்டுவது எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நான் லெஃப்ட் கார்னர். கபடியில் பாடிப் போகிறவன் பெயர் எல்லோருக்கும் தெரியும். கணுக்காலைப் பிடிக்கிறவன் பெயர் அவனோடு ஆடுகிறவனுக்குத்தான் தெரியும். பிடிக்கும்போது முகம் மண்ணில் இருக்கும். மேலே நாலு பேர் விழுந்திருப்பார்கள். நம் டீமின் பழைய போட்டோக்களில், எவன் காலடியிலாவது ஒரு முதுகு மட்டும் தெரிந்தால் அது நான். என்னைக் 'கொக்கி' என்று கூப்பிடுவார்கள். செல்வராசு என்ற பெயர் இக்காமா அட்டையில்தான் இருந்தது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு ஊர்ப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தேன். இந்தக் கம்பெனி ஜெனரல் ஃபோர்மேன் லீவில் வந்தவர், பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து கால் கழுவப் போனபோது பின்னாலேயே வந்தார்.

"பாஸ்போர்ட் இருக்கா?"

"இல்ல."

"எடு. பைப் தூக்குவியா?"

"தூக்குவேன்."

"உயரத்துல நிப்பியா?"

"நிப்பேன்."

"சரி. எங்க டீம்ல கார்னர் இல்ல."

அவ்வளவுதான் இண்டர்வியூ. சவுதியில் இந்தக் கோபார் வந்து சேர்ந்தேன். வாரத்துக்கு ஆறு நாள் சாரம் கட்டுவது, வெள்ளிக்கிழமை கால் பிடிப்பது. என்னை மாதிரி வந்தவர்களைக் கேம்ப்பில் 'கபடி விசா' என்று கேலி செய்வார்கள். அதற்காகவே பைப் தூக்குவதில் நான் யாருக்கும் குறைவு வைக்கவில்லை. இரண்டாவது வருஷம் கார்டு கொடுத்தார்கள். உயரத்தில் நின்று சாரம் கட்டலாம் என்கிற கார்டு. அந்தக் கார்டு இருக்கும் வரைதான் நான் ஸ்கஃபோல்டர். இல்லாவிட்டால் ஹெல்பர். ஹெல்பர்கள் ஊரிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவனை அனுப்பிவிட்டு இன்னொருவனை எடுப்பது கம்பெனிக்குப் பெரிய காரியம் இல்லை.

மூன்றாவது வருஷம் ஒரு ஆட்டத்தில், நான் பிடித்த கால் உதறியது. குதிகால் இடது காதில் விழுந்தது. கொஞ்சம் ரத்தம். ஒரு வாரம் காதுக்குள் வண்டு கத்தியது. பிறகு வண்டு நின்றது. கேட்பதும் நின்றது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கார்டு போகும். வருஷா வருஷம் மெடிக்கலில், எதிரே உட்கார்ந்து, "எவ்ரிதிங் ஓகே?" என்று கேட்பார்கள். வலது காது நன்றாகக் கேட்கும். "ஓகே" என்று சொல்லிவிட்டு வருவேன். சாப்பிடும்போது வரிசையில் இடது ஓரம் உட்காருவேன். பஸ்ஸில் இடப்பக்க ஜன்னல். கார்னரும் இடது ஓரம்தான். எல்லாச் சத்தமும் வலது பக்கம் இருந்து வரும். சமாளித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இங்கே என் பெரிய தப்பைச் சொல்ல வேண்டும். மைதானத்தில் நடந்தது இல்லை.

ஒருநாள் சாரத்தின் நாலாவது தட்டில் நின்று, கயிற்றில் பைப் இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு நேபாளி ஹெல்பர் கட்டிக் கட்டி அனுப்புவான். ஒரு பைப் பாதி உயரம் வந்தபோது முடிச்சு நழுவியிருக்கிறது. அவன் "உஸ்தாத், ருக்கோ, ருக்கோ!" என்று நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறான். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். பைப் உருவிக்கொண்டு கீழே போயிற்று. அவன் காலுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி நின்றது. ஒரு சாண்கூட இல்லை.

இறங்கி ஓடினேன். அவன் வெளுத்துப் போய் நின்றான். "உஸ்தாத், நான் கூப்பிட்டேனே" என்று இந்தியில் சொன்னான்.

"ஹவா" என்றேன். காற்று.

அன்றைக்குக் காற்றே இல்லை. அவனுக்கும் தெரியும். ஆனால் நான் உஸ்தாத், அவன் ஹெல்பர். "அச்சா" என்று சொல்லிவிட்டு அடுத்த பைப்பைக் கட்டினான்.

அன்றே நான் கார்டைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

பிறகு ஈராக் சண்டை வந்தது. உங்களில் பல பேர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். கோபாரில் குண்டு ஒன்றும் விழவில்லை. பயம் மட்டும் விழுந்தது. ஊரிலிருந்து போன் மேல் போன். லீவு கிடைத்தவன் லீவில் போனான். கிடைக்காதவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போனான். பக்காலாக் கடைகளில் தண்ணீர் பாட்டிலும் டேப்பும் தீர்ந்துவிட்டன. விஷப் புகை வராமல் ஜன்னல் இடுக்கில் ஒட்ட எல்லோரும் டேப் வாங்கினார்கள். எங்களுக்குக் கணுக்காலில் சுற்ற டேப் இல்லை. பழைய பனியனைக் கிழித்துச் சுற்றிக்கொண்டோம்.

எங்கள் டீமில் மிஞ்சியது நாலு பேர். பஜார் டீம் என்று ஒன்று இருந்தது. கோபார் கடைகளில் வேலை பார்க்கும் நம்ம ஊர் ஆட்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் ஆகவே ஆகாது. அவர்களை நாங்கள் 'சோப்பு டப்பா' என்போம். எங்களை அவர்கள் 'கேம்ப் எருமை' என்பார்கள். அவர்களிடமும் நாலு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள்.

இரண்டையும் சேர்த்து ஒரே டீம் ஆக்கியது எங்கள் சேஃப்டி ஆபீசர். மலையாளி. பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கபடிக்கு விசில் அடிப்பதும் அவர்தான். "ரூம்ல இருந்து டிவி பாத்தா பிராந்து பிடிக்கும். வெள்ளிக்கிழமை எல்லாரும் கிரவுண்டுக்கு வரணும். நாலும் நாலும் எட்டு. ஏழு பேர் ஆட, ஒராள் வெளியே. மதி" என்றார். கோடு போட சைட்டிலிருந்து சிவப்பு வெள்ளை ரிப்பனைக் கொண்டுவந்து மண்ணில் ஆணி அடித்துக் கொடுத்தார்.

அப்படித்தான் சாகுல் என் பக்கத்தில் வந்து நின்றான். அதிராம்பட்டினத்துக்காரன். மச்சான் கடையில் இருந்தான். இப்போது கடை அவனுடையது. முதல் நாள் நான் வலது கையை நீட்டினேன். பிடிக்கிறவர்கள் கை கோத்துத்தான் நிற்க வேண்டும். அவன் என் கையைப் பார்த்தான்.

"கையா இது? உப்புத்தாள் மாதிரில்ல இருக்கு."

"ஒங் கை மட்டும் என்ன? பவுடர் வாசம் அடிக்குது."

"பவுடர் இல்ல மாப்ள, சோப்பு. நீங்கதானே பேரு வச்சீங்க. புடி."

பிடித்தேன். பிடி நல்லதாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. இப்போது எழுதும்போதுதான் படிக்கிறான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, பயிற்சி முடிந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே ஒரு விமானம் போயிற்று. அந்த நாட்களில் விமானச் சத்தம் கேட்டால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். சாகுல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் இடது பக்கம். ஏதோ சொல்லியிருக்கிறான். பிறகு எழுந்து வலது பக்கம் வந்து உட்கார்ந்தான்.

"எந்தக் காது?" என்றான்.

நான் கால் மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"பிளேன் கெழக்கே போச்சு. எல்லாரும் கெழக்கே பாத்தோம். நீ மேக்கே தேடுன. கடைக்கு வரும்போதும் கவனிச்சிருக்கேன். இந்தப் பக்கம் நின்னு 'வேற என்ன வேணும்'னு கேட்டா, பதிலே இருக்காது. திமிருன்னு நெனச்சேன்."

"எடது" என்றேன். "யார்கிட்டயும் சொல்லாத பாய். கார்டு போயிரும்."

"நா எதுக்குச் சொல்றேன்? கால் புடிக்கையில என்ன பண்ணுவே? பாட்டு நிக்கிறது, விசிலு?"

அது நல்ல கேள்வி. பாடி வருகிறவனின் மூச்சு நின்றதா இல்லையா என்பது பிடிக்கிறவனுக்குத் தெரிய வேண்டும். காலைப் பிடித்து முகத்தை மண்ணில் புதைக்கும்போது என் வலது காது அவன் முழங்காலோடு அழுந்திப் போகும். இடது காது மேலே இருக்கும். மேலே இருப்பது கேட்காத காது. நான் அவன் காலை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். பாடும் வரைக்கும் காலில் ஒரு முறுக்கு இருக்கும். மூச்சு விட்டதும் தளரும். அதைச் சாகுலிடம் சொன்னேன்.

"தப்பாப் போனா?"

"இதுவரைக்கும் போகல."

"சரி. விசில் அடிச்சா நா ஒன் முதுகுல ஒரு தட்டுத் தட்டுறேன். விட்டுரு."

இதுதான் அந்தத் தட்டு. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். மற்றவர்கள் சாகுலுக்கு ஏதோ கெத்து என்று நினைத்தார்கள். கேம்ப் எருமையை சோப்பு டப்பா தட்டிக்கொடுக்கிறது என்று சிரிப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, தம்மாம் கம்பெனி டீம் வந்தது. அவர்களிடம் வேலு என்று ஒருத்தன். பரமக்குடிப் பக்கம். வெல்டர். அவன் பாடி வருவது பாம்பு வருவது மாதிரி இருக்கும். கால் தரையில் படுகிறதா என்று தெரியாது. கூட்டம் நன்றாகக் கூடியிருந்தது. வேறு போக்கிடம் இல்லாத நாட்கள்.

கடைசி நேரம். இரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தோம். வேலு வந்து சாகுலைத் தொட்டுவிட்டுப் போனான். சாகுல் அவுட். வெளியே போய் உட்கார்ந்தான். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். இரு, பார்த்து, என்பது போலக் கையைக் காட்டினான். நான் தலையாட்டினேன்.

அடுத்த முறை வேலு வந்தான். என் பக்கம் கால் நீட்டினான். எடுத்தேன். விழுந்தான். அவன் மேல் மூன்று பேர் விழுந்தார்கள். கோட்டை நோக்கிக் கையை நீட்டி இழுத்தான். நான் விடவில்லை.

விசில் அடித்திருக்கிறது. மேலே கிடந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வேலுவும் ஆட்டம் முடிந்தது என்று ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கிறான். என் கையில் இருந்த கால் அசைந்தது. கோட்டுக்கு இழுக்கிறான் என்று நினைத்தேன். முழுப் பலத்தையும் போட்டுப் பின்னால் வாரினேன்.

ஊன்றிய கை மேலேயே அவன் விழுந்தான். அவன் அலறியது மட்டும் எனக்குக் கேட்டது.

தோள்பட்டை இறங்கிவிட்டது. பார்த்தாலே தெரிந்தது.

தம்மாம் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். "விசில் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு! வேணும்னே வாருறான்!" என்று ஒருத்தன் என் பனியனைப் பிடித்தான். எங்கள் ஆட்கள் அவனைப் பிடித்தார்கள். ஆளுக்கு ஆள் கத்தினார்கள். சேஃப்டி ஆபீசர் நடுவில் நின்று, "கலாஸ்! கலாஸ்! போதும்!" என்று இரண்டு கையையும் விரித்தார்.

எங்கள் ஜெனரல் ஃபோர்மேன், என்னை ஊரிலிருந்து கொண்டுவந்தவர், என் வலது காதில் வாயை வைத்தார். "விசில் லேட்டுன்னு சொல்லு. கூட்டத்துல கேக்கலன்னு சொல்லு. எல்லாரும் கத்துனானுங்கல்ல. நாங்களும் அதையே சொல்றோம்."

எளிதான பொய். யாரும் மறுக்க முடியாது. கூட்டம் கத்தத்தான் செய்தது.

சாகுலைப் பார்த்தேன். ஓடி வந்திருந்தான். மூச்சு வாங்கியது. "வெளிய இருந்து கத்துனேன் மாப்ள. தொண்ட கிழியக் கத்துனேன்" என்றான். பிறகு மெதுவாக, "நீ என்ன சொல்றியோ அதான். நா வாயத் தொறக்க மாட்டேன்" என்றான்.

வேலுவைப் பிக்கப்பின் பின்னால் ஏற்றினார்கள். கையை நெஞ்சோடு வைத்துப் பனியனால் கட்டியிருந்தார்கள். முகமெல்லாம் மண். நான் போய் நின்றேன். அவன் ஆட்கள் தள்ளிவிடப் பார்த்தார்கள். வேலு, "விடுங்கப்பா" என்றான். என்னையே பார்த்தான். திட்டவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கேக்கலையா, விடலையா?"

கூட்டத்தில் கேட்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். 'ஹவா' என்று சொன்ன வாய். மண்ணில் குத்தி நின்ற பைப் கண்ணில் வந்தது. அந்த ஹெல்பரும் இப்படித்தான் பார்த்தான். அவனுக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை. இவன் இரண்டாவது ஆள்.

"கேக்கல" என்றேன். "எடது காது கேக்காது. ரொம்ப நாளா. யாருக்கும் சொல்லல."

சேஃப்டி ஆபீசர் பக்கத்தில்தான் நின்றார். விசில் அவர் கழுத்தில் தொங்கியது.

வேலு கண்ணை மூடிக்கொண்டான். "சரிண்ணே" என்றான். பிறகு தன் ஆட்களிடம், "விடலன்னா பரவால்ல, நானும் அடுத்த மேட்ச்சுல நாலு மிதி மிதிச்சுக்கலாம். கேக்காதவன என்ன பண்ண? யல்லா, வண்டிய எடு" என்றான். வலியிலும் அப்படிப் பேசினான். அதோடு தம்மாம் ஆட்கள் என் பனியனை விட்டார்கள். அன்றைக்கு அடிதடி நடக்காததற்குக் காரணம் நான் இல்லை. அவன்.

மறுநாள் காலையில் சைட்டில் சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டார். போனேன். கையை நீட்டினார். கார்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

"எத்ர நாளாச்சு?"

"ரெண்டு வருசம் இருக்கும் சார்."

"மேல நிக்கறப்போ கீழ இருந்து ஒருத்தன் விளிச்சா?"

பைப் விழுந்ததையும் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஒன்றைச் சொன்ன பிறகு மற்றதை வைத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பட்டார். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜை மேல் அடித்தார். "ஒராள் செத்திருந்தா? நீ என்னடா செய்யும்? ஊருக்குப் போய் அவன்ட அம்மாகிட்ட ஹவான்னு சொல்லுமா?" என்றார்.

கிளினிக்குக்கு அனுப்பினார். இந்த முறை டாக்டர் எதிரே உட்காரவில்லை. பின்னால் நின்று, என் வலது காதை விரலால் அடைத்துவைத்துப் பேசினார். பேசினார் என்று அவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துத்தான் தெரியும்.

நாலு நாள் ரூமில் உட்கார்ந்திருந்தேன். டியூட்டி இல்லை. பெட்டியை எடுத்து வெளியே வைத்தேன். ஆபீசில் இரண்டு பேச்சு என்றார்கள். எக்ஸிட் அடித்து அனுப்பு என்று ஒன்று. ஆளே இல்லாத நேரத்தில் இருக்கிறவனை ஏன் அனுப்ப வேண்டும் என்று இன்னொன்று. ஊரில் எதுவும் சொல்லவில்லை. சாகுல் தினமும் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்தான். வலது பக்கம் உட்கார்ந்து இருந்துவிட்டுப் போவான்.

ஐந்தாம் நாள் சேஃப்டி ஆபீசர் என்னை யார்டுக்கு அழைத்துப் போனார். பைப், கிளிப், பலகை, பெல்ட் எல்லாம் குவித்து வைத்திருக்கும் இடம். ஒரு கிளிப்பை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"இது கொள்ளாமா?"

பார்த்தேன். திருகில் மயிரிழைக் கீறல் இருந்தது. "ஆவாது சார்."

"மேல போற எல்லாம் நீ பாத்து விட்டாத்தான் போகும். இதுக்குக் காது வேண்டாம். கண்ணு மதி." கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். என் வலது பக்கமாக வந்து நின்றார். "நேத்து ஆபீஸ்ல கேட்டாங்க, இவன எப்படி நம்பறதுன்னு. பொய் சொல்ல வழி இருந்தும் சொல்லாத ஒராள் யார்டுக்கு வேணும்னு பறஞ்சேன். இனி என்னைப் பொய்யனாக்காத."

ஆறு வருஷம் அந்த யார்டில் இருந்தேன். நான் தள்ளிவைத்த ஒரு கிளிப்பும் மேலே போகவில்லை. உங்களில் சாரத்தில் நிற்பவர்களுக்கு இது தெரியும்.

அந்த நேபாளியைத் தேடிப் போய்ச் சொன்னேன். காற்று இல்லை, என் காதுதான் என்று. "மாலூம் ஹை, உஸ்தாத்" என்றான். தெரியும் என்கிறான். தெரிந்துதான், அந்தப் பைப்புக்குப் பிறகு ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை போட்டிருக்கிறான். எனக்குச் சொல்லாமலே. என்னை எத்தனை பேர் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. தெரிந்தது கொஞ்சம்தான்.

வேலுவுக்குக் கை சரியாகும் வரை வெல்டிங் இல்லை. அவன் ஃபோர்மேன் நல்ல மனிதர். ராடு எடுத்துக் கொடுக்கிற வேலையில் உட்காரவைத்தார். ஆனால் ஒற்றைக் கையால் துணி துவைக்க முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் சாகுலின் வண்டியில் தம்மாம் கேம்ப்புக்குப் போவேன். அவன் கவரால், பனியன், போர்வை எல்லாம் துவைத்துக் காயப்போட்டுவிட்டு வருவேன். முதல் வாரம் அந்த ரூமில் ஒருத்தனும் என்னோடு பேசவில்லை. இரண்டாவது வாரம், "கொக்கி வந்துட்டான், துணிய எடுங்கடா" என்று சிரித்தார்கள். மூன்றாவது வாரம் தங்கள் துணியையும் போட்டார்கள்.

வேலு கட்டிலில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவான். "அண்ணே, காலர்ல அழுக்கு போகல பாருங்க. கணுக்கால் புடிக்கத் தெரியுது, காலர் புடிக்கத் தெரியல."

"அடுத்த வாரம் ஒன் கழுத்தோட சேத்துத் துவைக்கிறேன்டா" என்பேன்.

ஆட்டத்தை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. நானே விட்டேன். காது கேட்காதவன் காலைப் பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். சண்டை முடிந்து, போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பஜார் டீமும் கேம்ப் டீமும் மறுபடி பிரியும் என்று நினைத்தோம். பிரியவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் வெளியே உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருந்தேன்.

வெயில் காலம் போய்க் குளிர் வந்த பிறகு தம்மாம் டீம் மறுபடி வந்தது. வேலு ஆடினான். கை பழையபடி ஆகியிருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் எங்கள் பக்கம் வந்தான்.

"கொக்கி எங்க?"

"செருப்புகிட்ட இருக்கான்" என்றான் சாகுல்.

வந்து என் முன்னால் நின்றான். "என்னண்ணே, எறங்கலையா?"

"இல்லப்பா. எனக்குச் சரிவராது."

"அதை நாங்கல்ல சொல்லணும்?" சேஃப்டி ஆபீசர் பக்கம் திரும்பினான். "சார், இவரு எறங்கட்டும். கார்னர்ல இன்னொருத்தனத் தாண்டிப் போனா எனக்கு என்ன பேரு இருக்கு?"

சேஃப்டி ஆபீசர் விசிலை உருட்டிக்கொண்டு யோசித்தார். பிறகு இரண்டு டீமையும் நடுவில் கூப்பிட்டார். "ஒரு கண்டிஷன். விசில் கேட்டா, யார் கிட்ட இருக்கானோ அவன் இவன் முதுகுல தட்டணும். சாகுல் மட்டும் இல்ல. எல்லாரும். நம்ம டீம், அந்த டீம், எல்லாரும். சம்மதமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு ஆளின் ரகசியம் அன்றைக்கு எல்லோருடையதும் ஆயிற்று.

இறங்கினேன். சாகுல் கையை நீட்டினான். பிடித்தேன். அதே சோப்பு வாசம்.

வேலு வந்தான். இரண்டு முறை வந்து சும்மா போனான். மூன்றாவது முறை கால் நீட்டினான். எடுத்தேன். அவன் விழுந்தான். மேலே ஆள் விழுந்தார்கள். என் முகம் மண்ணில். வலது காது அவன் காலோடு. ஒன்றும் கேட்கவில்லை. காலில் முறுக்கு இருந்ததா, தளர்ந்ததா, எனக்குப் பிடிபடவில்லை. விடவும் பயம், பிடிக்கவும் பயம். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வியர்த்தது போல் வேறு எப்போதும் வியர்த்ததில்லை.

முதுகில் தட்டு விழுந்தது. விட்டேன்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். சாகுல் மூன்றடி தள்ளி இன்னொருவன் அடியில் கிடந்தான். அவன் கை எட்டியிருக்காது. தட்டிய கை இன்னும் என் முதுகில்தான் இருந்தது. அடியில் கிடந்த வேலு, உடம்பைத் திருப்பி, அந்தத் தோள்பட்டை இறங்கிய கையை நீட்டித் தட்டியிருக்கிறான்.

"விசில் அடிச்சாச்சுண்ணே" என்றான். "நான் அவுட்டு. விடுங்க."